ஸ்டோருக்குப் புகைபோக்கி, லயத்துக்கு?

தேயிலைக்குப் புகை ஆகாது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்கிற தூளில் கொஞ்சம் புகை பிடிச்சாலே மணம் மாறிவிடும், ஏலத்தில் விலை விழுந்துவிடும். நாங்கள் இந்தப் பயத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கு. விறகடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தச் சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடிச்சிடுறாங்க. பழைய கதையைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஆரம்பத்தில் அவருடைய பங்களா விறாந்தைதான் ஸ்டோர். மேசையில் வைத்துக் கையால் உருட்டிய கொழுந்தை, களிமண் அடுப்பில் கரி நெருப்புக்கு மேலே கம்பித் தட்டில் பரப்பிக் காயவைத்தார்கள். விறகை விடக் கரியில் புகை குறைவு. பிறகு, இந்தியாவின் கசார் பகுதியில் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் ஒரு இயந்திரம் செய்தார். நெருப்பு தனியாக மூடிய இடத்தில் எரியும். சூடான காற்று மட்டும் கொழுந்துக்குப் போகும். 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் கம்பனியே தொடங்கிவிட்டார். சிரோக்கோ என்று பேர். அதுக்குப் பிறகு எந்த விறகை எரித்தாலும் கவலையில்லை, புகை குழாய் வழியாக மேலே போய்விடும்.

ஆக, விறகு எரியும் இடத்திலிருந்து புகையை வெளியே எடுக்கும் வித்தை 19ஆம் நூற்றாண்டிலேயே துரைமாருக்குத் தெரியும். பங்களாவில் குளிர்காயும் அடுப்புக்கும் புகைபோக்கி இருந்தது.

அதே மலையில், கோப்பிக் காலத்திலேயே கட்டத் தொடங்கிய லயத்தைப் பாருங்க. ஒரு காம்பரா பொதுவாக 10க்கு 12 அடி. அதுக்குள்ளேயே படுக்கை, பிள்ளைப்பேறு, சமையல், சாவு எல்லாம். பழைய லயங்கள் பலவற்றில் கதவைத் தவிரக் காற்று வர வழியில்லை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயத்தில் பின்கதவுகூட கிடையாது. பிற்காலத்தில் இஸ்தோப்பை அடைத்து அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், புகை என்னவோ உள்ளேதான் சுற்றியது. கொழுந்து பறிச்சு முடிச்சு வரும் அம்மாமார், கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறைத் தலையில் சுமந்து வருவாங்க. மழைக்காலத்தில் அது காயாது, ஈர மிலாறு இரட்டிப்பாய்ப் புகையும். குளிருக்குக் கதவையும் சாத்தியாகணும்.

அந்தப் புகையில் இருப்பது நுண்துகள், காபன் மொனொக்சைட், இன்னும் பல. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், பிள்ளைகளுக்கு நிமோனியா, கண்புரை, எடை குறைந்த குழந்தைப் பிறப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. "இளைப்பு அம்மாயி காலத்திலிருந்தே எங்க குடும்பத்தில இருக்கு" என்று சொல்றவங்களைப் பார்த்தால் எங்களுக்குக் கேட்கத் தோன்றும்: பரம்பரையாக வந்தது வியாதியா, காம்பராவா?

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயத்து அடுப்புக்கு இதனால் பெரிய மாற்றம் எதுவும் வரல்ல. 80களில் நாட்டில் பரவத் தொடங்கிய 'அனகி' மண் அடுப்பு நல்ல அடுப்புதான். ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம், விறகும் மிச்சம். ஆனால் அதிலும் புகைபோக்கி இல்லை.

கேஸுக்கு மாறலாமே என்பார்கள். 2012 குடிசனமதிப்பில் நாட்டில் 78 சதவீதம் வரையான வீடுகள் விறகில்தான் சமைத்தன, தோட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது, ஒரு வருஷத்துக்கு முன்புதான் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் மலை ஏறணும், அதுவும் பேர் முழுசாக விழுந்தால். கொழும்பிலேயே அப்போ விறகு தேடினாங்க.

இப்போ 7 பேர்ச்சஸ் காணியில் கட்டும் தனி வீடுகளில் குசினிக்கு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். நாங்கள் போய்ப் பார்த்தவற்றில் பல வீடுகளில் அந்த அறையில் கேஸ் அடுப்பு துடைத்து வைத்தபடி இருக்கிறது. தினமும் சமைப்பது, பின்பக்கம் தகரம் இறக்கிப் போட்ட விறகடுப்பில். குளிர் வராமல் மூன்று பக்கமும் அடைத்திருக்கிறார்கள்.