முழங்கை ஊதும் குழல்

மெல் கிப்ஸனின் ‘பிரேவ்ஹார்ட்’ (1995) பார்த்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். தகப்பனைப் பறிகொடுத்த சிறுவன் வில்லியம், இரவில் குழலோசை கேட்டு வெளியே வருகிறான். தீப்பந்த வெளிச்சத்தில் ஊரார் பேக்பைப் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் தெரிவது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப். காதில் விழுவதோ அயர்லாந்தின் ‘இல்லன் பைப்ஸ்’. கதை நடப்பது 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். இல்லன் பைப்ஸ் பிறக்க அப்போது இன்னும் நானூறு வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னர் இது தெரியாமல் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹைலேண்ட் பைப் படை நடத்த உகந்தது. ஒரு பையனின் துக்கத்தை அதனிடம் ஒப்படைத்தால் அணிவகுப்பு மைதானம் ஆக்கிவிடும். இரண்டு வருடம் கழித்து ‘டைட்டானிக்’ வந்தபோதும் ஹார்னர் இல்லன் பைப்ஸையே தேடிப் போனார். இரண்டு படத்திலும் வாசித்தவர் எரிக் ரிக்லர். உலகத்தில் பாதிப் பேர் இந்த வாத்தியத்தைப் பெயர் தெரியாமலே கேட்டுக் கண் கலங்கியது இப்படித்தான்.

நமக்கு பேக்பைப் என்றால் போலீஸ் பேண்டுதான். நின்றபடி, நடந்தபடி, கன்னம் உப்ப வாயால் ஊதுவார்கள். இல்லன் பைப்ஸ் வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வாய் சும்மா இருக்கும். வலது முழங்கைக்கு அடியில் வாரால் கட்டிய ஒரு சின்னத் துருத்தி. அது காற்றை இழுத்து, இடது அக்குளில் இடுக்கிய தோல்பைக்கு அனுப்பும். பையை இடது கை அமுக்க, காற்று குழல்களுக்குப் போகும். ‘இல்லன்’ என்றால் ஐரிஷ் மொழியில் முழங்கை. ஆனால் அந்தப் பெயர் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் ‘யூனியன் பைப்ஸ்’ என்றார்கள்.

வாயை விட்டுத் துருத்திக்குப் போனது வசதிக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மூச்சில் ஈரம் உண்டு. ஈரம் பட்டால் குழலின் நாக்கான சீவாளி ஊறும், சுருதி ஓடும். அதனால் வாயால் ஊதும் பைப்புக்குச் சீவாளி தடித்து, முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். துருத்தி கொடுப்பது அறையின் உலர்ந்த காற்று. அதை நம்பிச் சீவாளியை மெல்லியதாகச் சீவலாம். மெல்லிய சீவாளி மெதுவாகவும் பேசும், விம்மவும் செய்யும். இந்த வாத்தியத்தின் குரலில் நாம் கேட்கும் அத்தனை நெகிழ்ச்சிக்கும் ஆரம்பம் அங்கேதான்.

அயர்லாந்தில் ஒரு கதை சொல்வார்கள். ஆங்கிலேயர்கள் போர்க்குழலைத் தடை செய்துவிட்டார்களாம். வெளியே சத்தம் கேட்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்க ஐரிஷ்காரர்கள் கண்டுபிடித்ததுதான் இதுவாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துருத்தி வைத்த பைப்புகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அரசவையில் இருந்தன. அங்கே ‘முஸெட்’ என்ற பெயரில் பட்டும் தந்தமுமாகப் பிரபுக்கள் மடியில் தவழ்ந்தது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் எல்லை ஊர்களிலும் அதே காலத்தில் துருத்தி பைப்புகள் ஊதப்பட்டன. அங்கெல்லாம் ஒளிந்து வாசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அது அன்றைய நாகரிகம், அவ்வளவுதான். தோட்டமும் ஆட்டுமந்தையும் மேய்ப்பன் வேஷமும் மேட்டுக்குடிக்குப் பிடித்துப்போயிருந்த காலம்.

அந்த மோகத்தில் உருவானதுதான் ‘பாஸ்டரல் பைப்’. 1740-களில் லண்டனில் ஜான் கேகன் என்பவர் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சிப் புத்தகமே போட்டார். புத்தகத்தின் தலைப்பிலேயே அதைப் ‘புதிய பேக்பைப்’ என்கிறார். இல்லன் பைப்ஸுக்கு நேர் தாய் இதுதான். விரல் வைத்து வாசிக்கும் பிரதானக் குழலான சான்ட்டரின் அடியில், கழற்றக்கூடிய ஒரு துண்டு மாட்டியிருப்பார்கள். வாய் திறந்த குழல். காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒலியை நிறுத்த முடியாது. பெரும்பாலான பழைய பைப்புகளுக்கும் இதே கதிதான். பை நிறைந்திருக்கும்வரை ஒலி வந்துகொண்டே இருக்கும்.

பிறகு யாரோ அந்த அடித்துண்டைக் கழற்றிவிட்டுக் குழலின் வாயைத் தொடையில் ஊன்றினார்கள். யார், எந்த ஊரில் என்று பெயர் வைத்துச் சொல்ல ஆள் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்தது. என்னைக் கேட்டால் இந்த வாத்தியம் பிறந்த நிமிஷம் அதுதான். தொடையில் ஒரு தோல் துண்டைப் போட்டு அதன்மேல் குழலை அழுத்தி, துளைகள் எல்லாவற்றையும் மூடினால் காற்று போக வழியில்லை, குழல் மௌனமாகிவிடும். பேக்பைப் இனத்தில் ஒன்று பேச்சின் நடுவே நிறுத்தக் கற்றுக்கொண்டது. ஒரு விரலைத் திறந்து மூடினால் ஒரு சொட்டு சுரம் தெறிக்கும். மூடிய நிலையில் பையைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு விரலைத் திறந்தால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். ஹைலேண்ட் பைப்பில் ஒன்பது சுரம். இதில் முழுசாக இரண்டு ஸ்தாயி. குழலைத் தொடையிலிருந்து தூக்கினால் அடி சுரம் கரகரவென்று கிளம்பும். அந்த அடி சுரத்தை வைத்துக்கொண்டு விரல்களால் படபடவென்று உடைத்து வாசிக்கும் ‘க்ரான்’ என்ற சேஷ்டை ஒன்று உண்டு. மற்ற வாத்தியக்காரர்கள் இதைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பைப்பில் கேட்டால்தான் அதன் ருசி.

பக்கத்தில் மூன்று ஒத்துக்குழல்கள். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் தனியாக உட்கார்ந்திருப்பார். இங்கே ஸ்தாயிக்கு ஒன்றாக மூன்று ஒத்தும் வாசிப்பவரின் மடியிலேயே கிடக்கின்றன. ஒரு சாவியைத் தட்டினால் மூன்றும் அடங்கும், இன்னொரு தட்டில் எழும்.

இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘ரெகுலேட்டர்’ என்று இன்னொரு குழலைச் சேர்த்தார்கள். நுனி அடைத்த குழல், மேலே சாவிகள். சாவியை அமுக்கினால் மட்டும் பேசும். ஒன்றாக இருந்தது சீக்கிரமே மூன்றாயிற்று. 5, 4, 4 என்று மொத்தம் 13 சாவிகள். இரண்டு கை விரல்களும் சான்ட்டரில் மாட்டிக்கொண்டிருக்க, இதை அமுக்குவது எதால்? வலது கை மணிக்கட்டின் ஓரத்தால். வலது முழங்கை துருத்தியை அடிக்கிறது, இடது கை பையை அமுக்குகிறது, விரல்கள் பாடுகின்றன, மணிக்கட்டு தாளத்துக்குச் சுரக்கூட்டுகளை எறிகிறது. ஒரு மனிதனே ஒரு சிறு குழுவாகிவிடுகிறான். கற்க ஏழு வருடம், சாதகம் ஏழு வருடம், வாசிக்க ஏழு வருடம், ஆக இருபத்தொன்று ஆனால்தான் பைப்பர் என்று அங்கே ஒரு சொலவடை. மிகை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

முழுச் செட்டில் ஏழு சீவாளிகள். சான்ட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இரட்டை நாக்கு, ஒத்துக்கு ஒற்றை நாக்கு. ஏழும் ஒரே நாளில் ஒழுங்காகப் பேசினால் அன்று விசேஷம். சான்ட்டரின் சீவாளி இடுப்பில் ஒரு செம்புப் பட்டை இருக்கும். அதை நகத்தால் மயிரிழை நகர்த்தினால் சீவாளியின் வாய் திறக்கும் அல்லது சுருங்கும். அப்படியும் ஒரு சுரம் ஏறி நின்றால், கோரைத் தண்டு ஒன்றைச் சீவிக் குழலுக்குள் செருகுவார்கள். பல ஆயிரம் யூரோ பெறும் கருங்காலி வாத்தியத்தைக் கடைசியில் சரிப்படுத்துவது குளத்தங்கரைக் கோரை. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அமெரிக்க வீடுகளில் அயர்லாந்துச் சீவாளி காய்ந்து வாய் மூடிக்கொள்ளும். பைப்பர்கள் கூடினால் பேச்சு முதலில் சீவாளியில்தான் ஆரம்பிக்கும். பல சமயம் அதிலேயே முடியும்.

வாத்தியம் மேடை ஏறியது லண்டனில். 1788-இல் டெனிஸ் கோர்ட்னி என்ற ஐரிஷ்காரரின் கச்சேரி விளம்பரத்தில் ‘யூனியன் பைப்ஸ்’ என்ற பெயர் வருகிறது. 1791-இல் கவென்ட் கார்டன் அரங்கில் ‘ஆஸ்கர் அண்ட் மால்வினா’ என்ற இசை நாடகத்தில் இது ஒலித்தது. அடுத்து ஓ’ஃபாரெல் என்பவர் 1804-இல் இந்த வாத்தியத்துக்கென்றே ஒரு பாட்டுத் தொகுப்பைப் பயிற்சிக் குறிப்போடு வெளியிட்டார். அயர்லாந்தில் மலிங்கர் ஊர் கென்னாவும் டப்ளின் தாமஸ் தெருவின் கோய்னும் செய்த செட்டுகளுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. வாங்கியவர்களில் நிலப்பிரபுக்கள் உண்டு, வாசித்துப் பிழைத்தவர்களில் கண் தெரியாதவர்கள் பலர் உண்டு. கைத்தொழில் என்று பார்வையற்ற பிள்ளைக்குப் பைப் கற்றுக்கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அதனால் வந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு மேல் கப்பலேறினார்கள். கல்யாணத்துக்கும் சந்தைக்கும் வாசித்தவனுக்கு ஊரே இல்லாமல் போயிற்று. பிரபு வீட்டு வரவேற்பறைக்குப் பியானோ வந்துவிட்டது. ஏழை வீட்டுக்கு மெலோடியன் என்ற மலிவான துருத்திப் பெட்டி வந்தது. இல்லன் பைப்ஸ் அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைத்தது என்றே சொல்ல வேண்டும். ட்ரோகடா ஊரிலிருந்து 1870-களில் போன டெய்லர் சகோதரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் பட்டறை போட்டார்கள். அங்கே நாடகக் கொட்டகைகள் பெரியவை. பழைய செட்டின் அடங்கிய குரல் பின்வரிசைக்கு எட்டாது. டெய்லர்கள் குழலின் உள்துவாரத்தை அகலப்படுத்தி, சுருதியை ஏற்றி, டி சுருதியில் கணீரென்று பேசும் பைப்பைச் செய்தார்கள். இன்று பெரும்பாலோர் வாசிப்பது அந்த வம்சம். பழைய தாழ்ந்த சுருதிச் செட்டுகளை ‘ஃப்ளாட் செட்’ என்பார்கள். என் வோட்டு ஃப்ளாட் செட்டுக்கு. டி செட் சபைக்குப் பாடுகிறது. ஃப்ளாட் செட் எதிரே இருப்பவரிடம் பேசுகிறது.

கால்வேயில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா போன பாட்ஸி டூஹி (1865–1923) அந்தக் கொட்டகைகளின் ராஜா. வீட்டிலேயே மெழுகு உருளையில் பதிவு செய்து தபாலில் விற்றார். இன்று அவர் வாசிப்பு நமக்குக் கேட்கிறது என்றால் அந்த வியாபாரத்தின் புண்ணியம். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1903-இல் 1,850 ஐரிஷ் மெட்டுகளை அச்சில் ஏற்றியவர். பைப்பர்களின் வரலாற்றைத் தேடித் தேடி எழுதி வைத்ததும் அவரே.

அயர்லாந்தில் மிச்சமிருந்தவர்கள் 1898-இல் கார்க்கிலும் 1900-இல் டப்ளினிலும் சங்கம் வைத்தார்கள். ஜேம்ஸ் எனிஸ் என்ற அரசு ஊழியர் 1908-இல் லண்டன் அடகுக் கடை ஒன்றில் பை நிறையக் குழல் துண்டுகளைக் கண்டு வாங்கி வந்தார். சேர்த்துப் பார்த்தால் அது கோய்ன் செய்த செட். அதை வாசித்து வளர்ந்த மகன் ஷேமஸ் எனிஸ் (1919–1982) நாட்டின் தலைசிறந்த பைப்பர் ஆனதோடு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களை எழுதியெடுத்தார். அவர் காலத்துக்குப் பின் அந்த செட் ‘பிளாங்ஸ்டி’ இசைக்குழுவின் லியம் ஓ’ஃப்ளினுக்குப் போயிற்று.

ஜானி டோரன் வேறு ரகம். குதிரை வண்டியிலேயே குடும்பம் நடத்திய நாடோடி. சந்தையிலும் குதிரைப் பந்தயத் திடலிலும் வாசித்துச் சில்லறை சேர்த்தவர். 1947-இல் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் கெவின் டனாகர் அவரை இசைத்தட்டில் பதிவு செய்தார். சில மாதத்தில், 1948 ஜனவரியில், டப்ளினில் நிறுத்தியிருந்த அவர் வண்டிமேல் சுவர் இடிந்து விழுந்தது. முதுகு போயிற்று, 1950-இல் இறந்தார். கிடைப்பது அந்த ஒரே அமர்வின் பதிவு மட்டும். அவரை நேரில் கேட்டு மயங்கிய தச்சர் வில்லி கிளான்சி, கிளேர் மாவட்டத்தில் இந்தக் கலையைக் காப்பாற்றினார். 1973-இல் அவர் இறந்த அதே ஆண்டு அவர் ஊரான மில்டவுன் மால்பேயில் அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளி இன்றும் ஜூலைதோறும் நடக்கிறது.

1968-இல் மீத் மாவட்டத்து பெட்டிஸ்டவுனில் ஐம்பது பேர் அளவில் கூடி ‘நா பீபரி இல்லன்’ என்ற பைப்பர்கள் அமைப்பைத் தொடங்கியபோது, வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறைத் தாண்ட மாட்டார்கள் என்பதே பொதுக் கணிப்பு. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டப்ளின் ஹென்ரியட்டா தெருவின் 15-ஆம் எண் வீட்டிலிருந்து அந்த அமைப்பு பாடம் சொல்கிறது, சீவாளி செய்யக் கற்றுத் தருகிறது, செட்டு வாங்க வருடக்கணக்கில் காத்திருப்போருக்காகப் புதிய கைவினைஞர்களைத் தயார் செய்கிறது. 2017-இல் யுனெஸ்கோ இல்லன் பைப்ஸ் வாசிப்பை மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அயர்லாந்திலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் பெயர் இதுதான்.

கேட்க நினைப்பவர்கள் சினிமாப் பாட்டோடு நின்றுவிட வேண்டாம். முதலில் ஷேமஸ் எனிஸ் அல்லது லியம் ஓ’ஃப்ளின் வாசித்த ‘ஏர்’ என்ற மெதுவான மெட்டு ஒன்றைக் கேளுங்கள். பிறகு ஜானி டோரனின் 1947 பதிவுக்குப் போங்கள். தட்டின் இரைச்சல் தொந்தரவாக இருக்கும். ஒலியைக் கூட்டிவைத்து, குழல் தொடையில் மூடும் அந்த நிறுத்தங்களைக் கவனியுங்கள்.