நஞ்சுக் கொட்டையில் இருந்து வந்த கண் மருந்து



போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வரும்போது எங்கள் ஊர்க் காக்கா ஒருவர் சொன்னார்: "சேர், கண்ணுல பிரஷர் எண்டு கிளினிக்ல தந்த சொட்டு மருந்த விட்டுட்டன். விட்டும் ஒரு வித்தியாசமும் தெரியல்ல." வித்தியாசம் தெரியாமலே பார்வையைக் கொண்டு போவதுதான் குளுக்கோமாவின் குணம். வாசலில் நின்று விளக்க நேரம் போதவில்லை. அதனால் அந்த மருந்தின் கதையை இங்கே எழுதுகிறேன்.

பெயர் கிரேக்கர்கள் வைத்தது. நீலமும் பச்சையும் கலந்த நிறத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து பிறந்தது. கெற்றரெக்ட் என்று நாம் சொல்லும் வெண்புரையையும் இதையும் வைத்தியர்கள் நெடுங்காலம் குழப்பிக் கொண்டார்கள். பக்தாதின் அலி இப்னு ஈஸா எழுதிய ‘தத்கிரதுல் கஹ்ஹாலீன்’ பல நூற்றாண்டுகள் கண் வைத்தியர்களின் கைநூலாக இருந்தது. ஆனாலும் இந்த முடிச்சு அங்கேயும் அவிழவில்லை. (எல்லாம் நம்மவர்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று பதிவு போடும் தம்பிமார் மன்னிக்கவும்.) 1622இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பானிஸ்டர், இமைமேல் தடவும்போது கண் வழமையை விடக் கடினமாக இருந்தால் குணப்படுத்த முடியாது என்று எழுதினார்.

ஏன் கடினமாகிறது? கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறி, ஓரத்தில் உள்ள வடிகால் வழியாக வெளியேறுகிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்னால் உள்ள பார்வை நரம்பு நசிகிறது. 1857இல் ஜேர்மனியின் வொன் கிராஃபே, கருவிழித் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று காட்டினார். அதுவரை இந்த நோய்க்குக் கைவிரிப்புத்தான்.

மருந்து வந்தது ஆபிரிக்காவில் இருந்து. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு கொட்டையை இடித்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. அந்தக் கொட்டை ஸ்கொட்லாந்து போனது. 1855இல் எடின்பரோ பேராசிரியர் கிறிஸ்டிசன் அதைத் தானே தின்று பார்த்து, நிலைமை மோசமாகவும் சவரம் செய்த சவர்க்காரத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார். அதன் சாறு கண்மணியைச் சுருக்கும் என்பது 1860களில் தெரிய வந்தது. கண்மணி சுருங்கினால் திரை இழுபட்டு வடிகால் திறக்கும்.

ஸ்ட்ராஸ்பேர்க்கில் லுட்விக் லாக்குவர் என்ற கண் வைத்தியர் இருந்தார். அவருக்கே குளுக்கோமா! விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் முன்னே புகை மூட்டம். கொட்டைச் சாற்றில் இருந்து எடுத்த மருந்தைத் தன் கண்ணிலேயே விட்டார். அது அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1876இல் உலகுக்கு அறிவித்தார். 1880இல் சூரிச்சில் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டு, பல வருடங்கள் பேராசிரியராகவே வேலை செய்தார்.

அவருக்கு வளையமாவது தெரிந்தது. அதிகம் பேருக்கு வரும் வகையில் அதுவும் இல்லை. வலி கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், நடுப் பார்வை கடைசிவரை நிற்கும். போன பார்வையை எந்தச் சொட்டும் திருப்பித் தராது, மிச்சத்தைத்தான் காக்கும். இன்று லேசர் உண்டு, சத்திரசிகிச்சை உண்டு. 1978இல் டிமோலோல், 1996இல் லெட்டனோப்ரொஸ்ட் என்று நல்ல சொட்டுகளும் வந்துவிட்டன. வீசிங் உள்ளவர்கள் டிமோலோல் எடுக்கும்முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நேற்று காக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். திரும்பக் கிளினிக் போகச் சம்மதித்தார். குடும்பத்தில் வரக்கூடிய நோய் என்றதும் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மகனையும் கூட்டிட்டுப் போகணுமா சேர்? அவனுக்கும் நாப்பது ஆகுது." கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.