அனுமதி என்னும் தீங்கு: சிறாரும் கவர்ச்சி இதழ்களும் – கின்ஸ்பர்க் வழக்கை முன்வைத்து

பெண்ணுடற் படங்களைத் தாங்கி ஆடவருக்கென வெளிவரும் கவர்ச்சி இதழ்களைச் சிறார் படிக்க அனுமதிக்கலாமா என்னும் வினா பெரும்பாலும் அறவியல் வினாவாகவே பேசப்படுகிறது. அதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. அவ்வரலாற்றின் திருப்புமுனை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968 ஏப்ரல் 22 அன்று வழங்கிய கின்ஸ்பர்க் எதிர் நியூயார்க் தீர்ப்பாகும். சிறாரின் வாசிப்பைத் தடுத்த தீர்ப்பாகவே இது பொதுவில் அறியப்படுகிறது. ஆனால், இத்தீர்ப்பு வாசிப்பைத் தடுக்கவில்லை. வாசிக்க அனுமதிக்கத் தக்கவர் யார் என்பதையே வரையறுத்தது. இவ்வேறுபாட்டையும் இந்தியச் சட்டம் இதனின்று விலகும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறுவனே அளவுகோலாக இருந்த காலம்

இங்கிலாந்தில் 1868இல் முடிவுற்ற ஹிக்ளின் வழக்கில், ஒரு நூல் ஆபாசமானதா என்பதை அறியத் தலைமை நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோலை வகுத்தார். தீய தாக்கத்திற்கு எளிதில் ஆட்படும் மனம் உடையோர் கையில் அந்நூல் கிடைத்தால் அவர்களைக் கெடுக்குமா என்பதே அது. இதன்படி, ஒரு பெரியவர் எதைப் படிக்கலாம் என்பதை அந்நூலை எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு சிறுவனின் நிலையே முடிவு செய்தது. இங்குச் சிறாரின் வாசிப்பு தனிச் சிக்கலாக எழவேயில்லை. அனைவரும் சிறாராகக் கருதப்பட்டபோது சிறாருக்கெனத் தனி விதி தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் இந்நிலை 1957இல் முறிந்தது. இளைஞரைக் கெடுக்கக்கூடிய நூலை எவருக்கும் விற்கலாகாது என்றிருந்த மிச்சிகன் மாநிலச் சட்டத்தை, பட்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. பன்றியை வாட்டுவதற்காக வீட்டைக் கொளுத்துவது போன்றது இச்சட்டம் என்றார் நீதிபதி பிராங்க்பர்ட்டர். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதாகத் தமிழ் வழக்கு கூறுவதும் இதையே. வீடு காப்பாற்றப்பட்டது. ஆனால், பெரியவருக்கு உரிய நூல் சிறுவன் கைக்குப் போனால் என்ன செய்வது என்னும் புதிய வினா அன்றுதான் பிறந்தது. 1953இல் தொடங்கிய பிளேபாயைப் பின்பற்றிப் பல இதழ்கள் பெருகிய காலம் அது.

பெல்மோர் சிற்றுண்டிக் கடை

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள பெல்மோரில் சாம் கின்ஸ்பர்க்கும் அவர் மனைவியும் எழுதுபொருளும் சிற்றுண்டியும் விற்கும் ஒரு கடையை நடத்தி வந்தனர். அங்கே கவர்ச்சி இதழ்களும் விற்கப்பட்டன. பதினேழு வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய இதழ்களை விற்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை அம்மாநிலம் 1965இல் இயற்றியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இரு வெவ்வேறு நாள்களில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவ்விதழ்களை விற்றதாகக் கின்ஸ்பர்க் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. எனினும், கடை உரிமத்தை இழக்கும் ஆபத்து அவருக்கு இருந்தது.

அச்சிறுவன் தானாகக் கடைக்குச் செல்லவில்லை. கடைக்காரர் மீது வழக்குத் தொடர வழி செய்வதற்காக அவனுடைய தாயே அவனை அனுப்பினார். நீதிபதி போர்ட்டஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் இதைச் சுட்டிக்காட்டுகிறார். பெற்றோரின் அதிகாரத்தைக் காப்பதற்காக எனக் கூறப்பட்ட சட்டத்தின் கீழ், பெற்றோரின் ஏவலாலேயே நிகழ்ந்த விற்பனைக்காக ஒருவர் தண்டிக்கப்பட்டார்.

நீதிபதி பிரென்னன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, இவ்விதழ்கள் பெரியவரைப் பொறுத்தவரை ஆபாசமானவை அல்ல என்பதை ஏற்றது. ஒரே இதழ் ஒருவருக்கு ஆபாசமற்றதாகவும் மற்றொருவருக்கு ஆபாசமானதாகவும் இருக்கலாம் என்பதே தீர்ப்பின் புதுமை. அதற்கு இரு காரணங்கள் கூறப்பட்டன: பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்குச் சட்டம் துணைநிற்க வேண்டும், சிறாரின் நலனில் அரசுக்கும் தனி அக்கறை உண்டு. முதற் காரணத்திற்கு அரணாக, பெற்றோர் விரும்பினால் அவ்விதழ்களைத் தாமே வாங்கித் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை என்று பிரென்னன் குறிப்பிட்டார்.

இக்காரணத்திற்கு அவர் துணைகொண்ட முன்தீர்ப்புகளுள் ஒன்று 1944ஆம் ஆண்டின் பிரின்ஸ் எதிர் மாசசூசெட்ஸ் ஆகும். பாதுகாவலரான பெண் ஒருவர் தம் பொறுப்பிலிருந்த ஒன்பது வயதுச் சிறுமியைத் தெருவில் சமய இதழ்கள் விற்க உடனழைத்துச் சென்ற வழக்கு அது. அதில் பாதுகாவலர் தோற்றார், அரசு வென்றது. பாதுகாவலரின் விருப்பத்தை மீறிய தீர்ப்பின் ஒரு வாசகம், கால் நூற்றாண்டுக்குப் பின் பெற்றோரின் உரிமைக்குச் சான்றாயிற்று.

தீங்கு எங்கே உள்ளது?

இவ்விதழ்களால் சிறாருக்குத் தீங்கு விளையும் என்பது நிறுவப்பட்ட அறிவியல் உண்மையாகுமா என்பது ஐயத்திற்குரியது எனப் பிரென்னனே ஒப்புகிறார். ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. சட்டமன்றத்தின் முடிவு பகுத்தறிவுக்கு முரணானதன்று என்பதே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. இவ்விடத்து அடிக்குறிப்பில் உளவியல் மருத்துவர் வில்லார்ட் கேலினின் கருத்து எடுத்தாளப்படுகிறது. வாசிப்பு தன்னளவில் தீங்கு செய்வது அரிது. வாசிக்க அனுமதிப்பதே தீங்காகலாம் என்பது அதன் சாரம். தான் படிப்பது பெரியவர்கள் ஏற்காத ஒன்று என்னும் அறிவே சிறுவனுக்குக் காப்பாகிறது. அனுமதி கிடைத்ததும் அக்காப்பு நீங்கிவிடுகிறது.

இவ்வடிக்குறிப்பு தீர்ப்பின் அடித்தளத்தையே அசைக்கிறது எனலாம். தீங்கு அனுமதியில் இருக்குமாயின், சிறுவனுக்கு மிகவும் பொருட்படும் அனுமதி தாய்தந்தையருடையதே; கல்லாவில் இருக்கும் கடைக்காரருடையதன்று. சட்டமோ கடைக்காரரைத் தண்டித்துப் பெற்றோரை விட்டுவிட்டது. தீங்கின் கோட்பாடும் சட்டத்தின் அமைப்பும் இவ்வாறு எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. சிறாரிடம் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் முழு ஆற்றல் இல்லை என்னும் நீதிபதி ஸ்டூவர்ட்டின் உடன்பாட்டுத் தீர்ப்பு, அனுமதியைப் பற்றிப் பேசாமையால், இம்முரணிலிருந்து தப்புகிறது. பிளாக்குடன் இணைந்து மாறுபட்ட டக்ளஸ், நெறிப்படுத்தும் பொறுப்பைக் குடும்பத்திடமும் சமய நிறுவனங்களிடமும் விட்டுவிட வேண்டும் என்றார்.

இந்தியச் சட்டம்

இந்தியா ஹிக்ளின் அளவுகோலை நெடுங்காலம் கைவிடவில்லை. 1964இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் ஏற்கப்பட்ட அது, 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் நீக்கப்பட்டுச் சமுதாய அளவுகோலுக்கு இடம் தந்தது. சிறாருக்கெனவே இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டின் இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம் இவ்விடத்து உதவாது. பிரிட்டனில் திகில் சித்திரக்கதைகளுக்கு எதிராக 1955இல் வந்த சட்டத்தைப் போன்று, அது குற்றம், வன்முறை, அருவருப்பான நிகழ்வு ஆகியவற்றைச் சித்திரிக்கும் கதைகளைப் பற்றியதே. கதையற்ற உடற்படம் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

எனவே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 293ஆம் பிரிவே எஞ்சுகிறது. இருபது வயதுக்குட்பட்டோரிடம் ஆபாசப் பொருளை விற்பதற்கு அது கூடுதல் தண்டனை விதித்தது. ஆனால், அப்பொருள் 292ஆம் பிரிவின்படி ஆபாசமானதாக இருத்தல் வேண்டும். படிக்கக்கூடியவர் யார் என்பதை நோக்கும் சொற்கள் 292இல் இருப்பினும், பெரியவருக்கு ஆபாசமற்றதாகவும் சிறாருக்கு ஆபாசமானதாகவும் உள்ள தனி வகை இந்தியச் சட்டத்தில் வெளிப்படையாக இல்லை. ஹிக்ளின் நிலவியவரை இக்குறை தெரியவில்லை. 2014க்குப் பின் கின்ஸ்பர்க் விற்றவை போன்ற இதழ்கள் இவ்விடைவெளியில் நிற்கின்றன. நாளிதழ்களின் படங்களிலிருந்து சிறாரைக் காக்கக் கோரிய அஜய் கோஸ்வாமி வழக்கிலும், பொதுத்தடை விதித்தால் பெரியவரும் சிறாருக்குரியதை மட்டுமே படிக்க நேரும் என்று கூறி 2006இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. பட்லர் வழக்கின் தருக்கம் அங்கே கேட்கிறது. கின்ஸ்பர்க்கின் தீர்வு வரவில்லை.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 295ஆம் பிரிவு வயதைப் பதினெட்டாகக் குறைத்ததேயன்றி இவ்வமைப்பை மாற்றவில்லை. விற்பவர் மட்டுமன்றி, வழங்குபவர், காட்டுபவர் என எவராயினும் குற்றவாளி என்கின்றன அதன் சொற்கள். பெற்றோருக்கு விலக்கு இல்லை. தந்தை தம் அலமாரியிலுள்ள ஆபாச இதழை மகனிடம் கொடுத்தால் நியூயார்க் சட்டம் வாளாவிருந்திருக்கும். இந்தியச் சட்டத்தின் சொற்கள் அவரையும் எட்டும். அவ்விதழ் ஆபாசம் எனத் தீர்மானிக்கப்படாத கவர்ச்சி இதழாயின், இங்கே தந்தையும் குற்றவாளியல்லர், கடைக்காரரும் குற்றவாளியல்லர்.