தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்"னு சொல்லி உங்க வீட்லயும் சின்ன வயசில அழ வச்சிருப்பாங்க. நமக்கு அது கேலி. எங்க அப்பாவுக்கு அது நிஜமாவே நடந்தது.

அவர் பிறந்ததும் அப்பத்தா அவரைக் குப்பைமேட்டில் கிடத்தச் சொல்லி, பக்கத்து வீட்டம்மா எடுத்துக்கொள்ள, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார். "இது நான் பெத்ததில்ல, வாங்குனது" என்று எமனை ஏமாற்றும் ஏற்பாடு. பிறந்த பிள்ளை தங்காத வீடுகளில் இந்த வழக்கம் இருந்தது. குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்களில் உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு முன்னால் பிறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள்.

நான் எம்பிபிஎஸ் கடைசி வருஷம்தான் விசாரித்தேன். குழந்தை மருத்துவப் பாடத்தில் ஒரு பத்தி. பிறந்து முதல் இரண்டு நாள் நன்றாக அழுது பால் குடித்த குழந்தை, 3ஆம் நாளிலிருந்து 28ஆம் நாளுக்குள் பால் குடிக்க முடியாமல், உடம்பு விறைத்து வலிப்பு வந்தால் அது பச்சிளங்குழந்தை டெட்டனஸ். படித்ததும் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. லீவில் ஊருக்குப் போய்க் கேட்டேன்.

"மூத்தவன் காமராசரு மொதமந்திரியா வந்த வருசம் பொறந்தான். அஞ்சு நாள் நல்லாத்தான்யா குடிச்சான். ஆறாம் நாள் வாயத் தெறக்கல. தொட்டா விறைச்சு விறைச்சு இழுத்துச்சு. மொகம் மட்டும் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எம்புள்ள சிரிக்கிறான்னு நெனச்சேன்."

காமராஜர் முதலமைச்சரானது 1954. இரண்டு வருஷம் கழித்து அடுத்ததும் இதே மாதிரி, ஏழாம் நாள்.

அந்தச் சிரிப்பு சிரிப்பில்லை. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொப்புள்கொடியை அறுத்தது வீட்டு அரிவாள். அறுத்த இடத்தில் தடவியது சாணமும் சாம்பலும். உள்ளே போன கிருமி ஒரு நச்சைச் சுரக்கும். அது நரம்பைப் பிடித்து தசைகளை இறுக்கும். தாடை பூட்டிக்கொள்ளும், முகம் இழுத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பு மாதிரித் தெரியும்.

(மருத்துவச்சியைத் திட்டாதீங்க. பாதி ஊரை வெளியே எடுத்த கை அது. அரிவாளைக் கொதிக்க வைக்கணும்னு அந்தம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் வரல.)

இதை அப்பத்தாவுக்குப் புரியும்படி சொல்லி முடித்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அப்ப நான் சாவு வீட்டுக்குப் போனதால இல்லையா?"

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது, மாமியார் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் போனது அதனால்தான் என்று ஊர் சொன்னது. அவரும் அதை நம்பி ஐம்பது வருஷத்துக்கு மேல் சுமந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த கேள்விதான் எனக்குக் கஷ்டம். "இதுக்கு ஊசி இருக்குங்கிறியே, அப்பவே இருந்துச்சா?"

இருந்தது. டெட்டனஸ் நச்சை முறிக்கும் சீரத்தை பெர்லினில் பெரிங்கும் கிட்டசாட்டோவும் 1890லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தடுப்பூசி 1920களில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குப் போட்டார்கள், வேலையும் செய்தது. ஆனால் கர்ப்பிணிக்குப் போட்டால் தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையையும் காக்கும் என்பதை நியூ கினியில் நடந்த ஆய்வு காட்டியது 1961ல். நம் நாட்டில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978. அது எல்லாருக்குமான திட்டமாக மாறியது 1985. தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015ல்.

ஒழித்தது என்றால் பெரியம்மை மாதிரி அடியோடு இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். வித்துகள் மண்ணில் அப்படியேதான் இருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

"எனக்கு முப்பது வருசம் முன்னாடி பொறந்துட்டேன்" என்றார் அப்பத்தா. தவறிப்போய் "பின்னாடி பொறந்திருக்கணும்" என்று சொல்ல வந்து இப்படிச் சொன்னார். நான் திருத்தவில்லை.

அதன்பிறகு தெருவில் எந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு போனாலும் கூப்பிட்டு நிறுத்தி, "ரெண்டு ஊசியும் போட்டாச்சா?" என்று கேட்பார். கிராம சுகாதார செவிலியருக்கு முன்னாடியே கணக்கு இவரிடம் இருக்கும்.

அப்பா எப்படித் தப்பித்தார் என்றும் கேட்டேன். மருத்துவச்சி அதே ஆள்தான். ஆனால் அந்தப் பிரசவம் அப்பத்தாவின் தாய்வீட்டில். அவர் தம்பி சவரம் செய்ய வாங்கிவைத்திருந்த பிரிக்காத பிளேடால் கொடியை அறுத்தார்களாம்.

"அந்த பிளேடாத்தான் இருக்கும் அப்பத்தா" என்றேன்.

"இருக்கட்டும்யா. தவிடும் குடுத்தேன்ல."