வளவு யார் பெயரில்? மட்டக்களப்பின் கலைத்துறை மாணவர் முன் உள்ள ஒரு வழக்கு

கிறிஸ்தோபர் பிரித்தோ முக்குவர் சட்டம் எனப்பட்ட மட்டக்களப்பு வழக்கம் பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டது 1876இல். அதே ஆண்டில் நிறைவேறிய 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முக்குவர் சட்டத்தை நீதிமன்றங்களிலிருந்து விலக்கியது. கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஆகியவற்றுக்கு விதிவிலக்குக் கிடைத்தது. மட்டக்களப்பு வழக்கத்துக்குக் கிடைக்கவில்லை. தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்படி அரசு ஏற்ற தொகுப்பொன்று கிழக்கின் வழக்கத்துக்கு இல்லாமல் போனதன் விலையை வாவிக்கரை மக்கள் இன்றும் செலுத்துகிறார்கள்.

அந்த வழக்கம் தாய்வழிப்பட்டது. ஓர் ஆணின் முதுசொம் அவன் பிள்ளைகளைச் சேராமல் அவன் சகோதரியின் பிள்ளைகளைச் சேரும் என்பது பிரித்தோ பதிவுசெய்த விதி. அந்த விதி மறைந்தாலும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் குடும்பங்கள் தாய்வழியை விடவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் சீதனமாக அவள் பெயருக்கு எழுதப்படும். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். பெற்றோர் அடுத்த மகளுக்காகப் பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் போடுவார்கள். இறப்புக்குப் பின்னான வாரிசுரிமையைச் சட்டம் மாற்றியபோது, உயிரோடிருக்கையிலேயே உறுதி முடித்துக் கொடுக்கும் வழி ஊர்களில் நிலைத்தது. அழிக்கப்பட்டதாகச் சட்டநூல் சொல்லும் ஒன்று சட்டத்தின் இன்னொரு கருவியைப் பிடித்துக்கொண்டு உயிர்வாழ்ந்திருக்கிறது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் படிக்கும் மாணவருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

வரலாறு, இலக்கியம், சட்டம், சமூகப் பிரச்சினைகள் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படித்துப் பரீட்சை எழுதும் முறைக்கு இந்தப் பிரதேசத்தில் கடும் வரம்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். உயர்தரக் கலைப்பிரிவிலிருந்து பல்கலைக்கழகம் வரை பாடங்களுக்கிடையே எழுப்பப்படும் வேலி, மட்டக்களப்பின் மையமான கேள்வியை மாணவர் கண்ணிலிருந்து மறைக்கிறது. வளவு யாருக்கு உரியது என்பதே அந்தக் கேள்வி.

மட்டக்களப்பு மான்மியத்தை எடுத்துக்கொள்ளலாம். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த இந்நூலை வரலாற்று மாணவர் பெரும்பாலும் சந்தேகத்தோடு திறக்கிறார். அரச வம்சங்களின் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. 13ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த கலிங்க மாகனோடு பிற்காலச் சமூக ஒழுங்குகளெல்லாம் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. சந்தேகம் நியாயமானதே. ஆனால் நூல் திரும்பத் திரும்பப் பேசுவது எதைப் பற்றி? எந்தத் தாய்வழிக் குடிக்குக் கோயிலில் என்ன வரிசை, எந்தச் சாதிக்கு என்ன ஊழியம், எவருக்கு எந்த விருது என்பதைப் பற்றி. சட்டம் படித்த கண்ணுக்கு இது உரிமைச் சாசனமாகத் தெரியும். யார் எதைக் கோருகிறார், எந்த முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கிறார் என்று அது கேட்கும். அந்தக் கண்ணோடு படித்தால், மாகன் காலத்துக்குப் பயன்படாத பல பக்கங்கள் ஏட்டை எழுதியவர்களின் காலத்துக்குச் சான்றாகின்றன. குடிகளின் கோயில் உரிமை பழைய கதையாகவும் முடிந்துவிடவில்லை. திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த முறை என்பது இன்றும் மனஸ்தாபத்தையும் வழக்கையும் கிளப்பக்கூடிய விடயம்.

இலக்கியத்தின் இடம் இன்னும் ஆழமானது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும் நாட்களில் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. கணவனை இழந்த ஒரு பெண் அரசவையில் ஏறி நின்று தீர்ப்புப் பிழை என்று நிறுவும் கதையை, வீடும் வளவும் பெண் பெயரில் இருக்கும் ஒரு சமூகம் ஆண்டுதோறும் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நேரடிக் காரண உறவு உண்டு என்று சொல்லிவிட முடியாது. கண்ணகி வழிபாடு இலங்கையின் வேறு பகுதிகளிலும் உண்டு. ஆயினும் சிலப்பதிகாரத்தைப் பரீட்சைக்குரிய செய்யுட் பகுதியாகவே சந்திக்கும் மட்டக்களப்பு மாணவர், தன் ஊர்க்கோயிலில் அதே கதை எந்த அதிகாரத்தோடு ஒலிக்கிறது என்று கேட்க வேண்டாமா?

கேட்ட ஒருவர் இருந்தார். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், கண்ணகி கோயிலின் அயலில் வளர்ந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் அவரிடம் ஒன்றாக இருந்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், கணிதத்தையும் இசையையும் இலக்கியத்தையும் ஒரே மேசையில் வைத்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் துறைவேலியை மதித்திருந்தால் அந்நூல் பிறந்திருக்காது.

வளவு யாருக்கு என்ற கேள்வியோடு இனி 2004 டிசம்பர் 26க்கு வருவோம். சுனாமியில் நாவலடி, கல்லடிக் கரையோர வீடுகள் போயின. திராய்மடு போன்ற மாற்றிடங்களில் புதிய வீடுகள் எழுந்தன. அழிந்த வீடுகளில் பல பெண்களின் சீதன வீடுகள். அரச காணியும் வீடும் வழங்கப்பட்டபோது படிவங்கள் கேட்டது ஒரு ‘குடும்பத் தலைவரை’. பல இடங்களில் கணவரின் பெயரே எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உடைமை, நிவாரணம் என்ற பெயரில் ஒரு கையெழுத்தில் ஆணிடம் மாறியது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. இருவர் பெயரிலும் உரிமை கேட்டன.

படிவம் எழுதியவர்களின் தீய எண்ணம் இதற்குக் காரணமில்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளர் பெயரிடப்படாதபோது ஆண் வாரிசுக்கே முன்னுரிமை கொடுத்தது. குடியேற்றத் திட்டங்களில் பெர்மிட் காணி பெற்ற படுவான்கரைக் குடும்பங்களும் இந்த விதிக்குள் வந்தன. தனியார் காணி மகளுக்கு எழுதப்பட்ட அதே குடும்பத்தில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாத அரச காணியில் ஆண் வாரிசே முந்தினான். இந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் வந்தது 2022இல்தான். 1876, 1935, 2004, 2022 என்ற ஆண்டுகளை ஒரே கதையின் கட்டங்களாகக் கோக்கச் சட்டப் பாடநூல் மட்டும் போதாது. சமூகவியல் மட்டும் படித்தவருக்கு அட்டவணை பிடிபடாது.

தாய்வழி மரபைப் போற்றிப் பாடுவதும் ஆபத்து. மரபுரிமை பெண்ணுக்கு இருந்தபோதும் அதிகாரம் ஆணிடமே தங்கிவிடுகிறது என்று காஞ்சனா ருவன்புர 2006இல் வெளிவந்த தம் நூலில் கிழக்கிலங்கைப் பெண்தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்து காட்டினார். வீடு கட்டி முடியாததால் கலியாணம் தள்ளிப்போகும் பெண்களின் துயரம் வாவிக்கரையில் எவருக்கும் புதிதல்ல. உரிமையாக வந்த வளவே சுமையாகவும் மாறும். இந்த இரட்டைத்தன்மையைப் பிடிக்கத் தவறும் ஆய்வேடு முழுமையடையாது.

பல துறைகளில் கால்வைக்கும் மாணவர் எதிலும் ஆழம் காணமாட்டார் என்ற மறுப்பு எழும். பெருநூல் எழுதச் சொன்னால் அது உண்மைதான். ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நிலைமை வேறு. 1960களில் பேராதனையில் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, மட்டக்களப்பிலிருந்து சென்ற சி. மௌனகுரு ஆடும் மாணவராக நின்றார். கூத்து ஆசானான அண்ணாவியாரிடமும் கூத்துக் களரியிலும் கற்றது பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய அவரது கலாநிதிப்பட்ட ஆய்வாக விரிந்தது. ஒரு கலையைப் பற்றிக்கொண்டு நாடகவியலுக்கும் சடங்குக்கும் சாதி அமைப்புக்கும் போன பயணம் அது. ஆழம் எங்கும் குறையவில்லை.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவருக்கு இக்கட்டுரை முன்வைக்கும் வேலை சிறியது. ஒரு வளவு, நான்கு தலைமுறை, அதன் உறுதிகள். எழுதப்பட்ட தேதி, எழுதிக் கொடுத்தவர், பெற்றவர், கூறப்பட்ட காரணம், ஊர்க்கோயிலில் அக்குடியின் வரிசை என்ற வகையில் தொகுக்கலாம். ஆரையம்பதியிலும் அதை ஒட்டிய காத்தான்குடியிலும் இரண்டு ஆய்வுகளை இணையாகச் செய்தால் பயன் பெருகும். தமிழரைப் போலவே முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மார் அக்குடிகளின் பிரதிநிதிகளாக இருந்தவர்கள். மார்க்கச் சட்டம் வாரிசுப் பங்கை வேறாக வகுத்தாலும் அங்கும் வீடு மகளுக்கே எழுதப்படுகிறது. போரும் பகையும் பிரித்த இரு ஊர்களின் உறுதிகள் ஒரே வழக்கத்தைச் சொல்வதைத் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்தே படிக்க வேண்டும். அந்தக் குழுவில் மாணவிகள் கட்டாயம் இருக்க வேண்டும்; எந்த வளவு எந்த மகளுக்கு, ஏன் என்பதைத் தாய்மார் மனம்விட்டுப் பேசுவது அவர்களிடமே.