காஞ்சிபுரம் வட்டாரத் தேர்தல்கள்

காஞ்சிபுரம் நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தம் சார்பாளர்களைத் தேர்ந்தெடுத்து வந்த வரலாறு. ஊர்ச்சபை, நகராட்சி, சட்டமன்றம், மக்களவை ஆகிய நான்கும் இதில் அடங்கும்.

மிக விரிவான சான்று மிகப் பழையது. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. இவை கி.பி. 919, 921 எனக் கணிக்கப்படுகின்றன. ஓராண்டு முன்பின்னாகக் கொள்வாரும் உண்டு. கல்வெட்டாய்வாளர் வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். பின்னர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஊராட்சி வரலாற்றுக்கே இவற்றை அடிப்படையாக்கினார்.

அப்போது உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். அது முப்பது குடும்புகளாக, அதாவது ஊர்ப்பிரிவுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு, அதாவது ஊர்ப்பணிக் குழுவுக்கு, பெயர் எழுதப்பட வேண்டியவருக்குக் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி செலுத்தும் இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உடையவர், ஒரு வேதமும் நான்கு பாடியங்களில் (உரைகளில்) ஒன்றும் கற்றிருந்தால் போதும். வயது 919இன் விதிப்படி 30 முதல் 60 வரை. 921இல் இது 35 முதல் 70 வரை என மாறியது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர முடியாது.

தகுதியின்மைப் பட்டியல் இன்னும் நீளம். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவரோடு சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன், மருமகன் எனச் சுற்றமும் விலக்கப்பட்டது. ஒருவர் காட்டாத கணக்குக்கு உறவுமுறை முழுவதும் பதவி இழந்ததை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பழைய ஆவணம் அரிது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய் ஆவணம் எழுதியவர், கழுதை ஏறியவர் ஆகியோருக்கும் இடமில்லை. கழுதை ஏறுதல் தண்டனையாக ஊர்வலம் விடப்பட்டதைக் குறிக்கும் என்பது பரவலான விளக்கம்.

குடவோலை எனப்படும் தேர்வு நடந்த முறை இது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் பொறித்த வாயோலையோடு கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோர் முதல் பெரியோர் வரை சபை கூடும். ஊரிலுள்ள நம்பிமார் (கோயில் பூசகர்) ஒருவரும் விடுபடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலையை மறைக்க வழியில்லாதபடி எழுதிய விதி இது. அவன் படித்தபின் நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர்.

இவ்வாறு குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் செய்தனர். வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரி ஊரின் உயிராக இருந்ததால் கடைசி வாரியத்தின் பொறுப்பு சிறிதன்று. பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

இதைத் தேர்தல் என்பதா, திருவுளச்சீட்டு என்பதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் பிற சாதியினருக்கும் இதில் பங்கில்லை. ஆகவே இன்றைய பொருளில் மக்களாட்சி என்று கூறுவது பொருந்தாது என்பர் ஒரு சாரார். சபையைக் கணக்குக்குக் கட்டுப்படுத்திய விதிகளே முக்கியம் என்பர் மற்றொரு சாரார். குடவோலை உத்திரமேரூரின் கண்டுபிடிப்பும் அன்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் ஓலைக் குடம் உவமையாக வருகிறது. நெல்லை மாவட்டம் மானூரின் பாண்டியர் காலச் சபை விதிகளும் இதற்கு முந்தியவை.

சோழர்க்குப் பின் ஊர்ச்சபைகள் தளர்ந்தன. காஞ்சிபுரம் நகராட்சி 1866இல் அமைந்தது. சொத்து அடிப்படையிலான வாக்குரிமையோடு மாகாண சட்டசபைத் தேர்தல் 1920இல் நடந்தது. 1925 நவம்பரில் இங்கு கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் வெளியேறினார்.

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத் தேர்தலில் (1951–52) காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியைக் காமன்வீல் கட்சியின் அ. கிருஷ்ணசாமி வென்றார். 1957இல் சட்டமன்றத் தொகுதியில் நின்றவர் தி.மு.க.வின் சி. என். அண்ணாதுரை (அண்ணா). இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இதே ஊர் நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தவர். 1953இல் கைத்தறித் துணி தேங்கியபோது தி.மு.க.வினர் துணிமூட்டையைச் சுமந்து தெருத்தெருவாக விற்றது தறிக்காரர்கள் மனத்தில் நின்றது. அண்ணா வென்றார், கட்சிக்கு 15 இடங்கள் கிடைத்தன. 1962இல் கட்சி 50 இடங்களாக வளர்ந்தது, ஆனால் அண்ணா சொந்த ஊரில் காங்கிரசின் எஸ். வி. நடேச முதலியாரிடம் தோற்றார். தோல்விக்குக் காங்கிரசின் தனிக்கவனமான களப்பணியே காரணம் என்பது பொதுவான கருத்து; பிற காரணங்களும் சொல்லப்படுகின்றன. 1967இல் அவர் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் நின்று வென்றார்; கட்சி சட்டமன்றத் தேர்தலிலும் வெல்ல, முதலமைச்சரானார்.

பின்வந்த ஆண்டுகளில் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதி பெரும்பாலும் தி.மு.க., அ.தி.மு.க. கைகளில் இருந்தது. 2006இல் பா.ம.க.வின் கமலாம்பாள் வென்றது விதிவிலக்கு. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி, மறுவரையறைக்குப்பின் 2009இல் மீண்டும் வந்தது, இம்முறை பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக. அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் மட்டுமே இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளன. ஏனைய நான்கும் 2019இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2009இல் காங்கிரசின் பெ. விசுவநாதன், 2014இல் அ.தி.மு.க.வின் மரகதம் குமரவேல், 2019, 2024இல் தி.மு.க.வின் ஜி. செல்வம் ஆகியோர் வென்றனர். நகராட்சி 2021இல் மாநகராட்சியானது. 51 வார்டுகள் கொண்ட அதற்கு முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது.