நெடிது வாழ்க என்று சொல்லிச் சென்றவர்கள்
ருஷ்யச் சொல்வழக்குகள் ஆங்கிலம் புகுந்த வரலாறு

ருஷ்ய மொழியில் ஒருவர் இறந்த செய்தியை அறிவிக்கப் பழைய வழக்கொன்று உண்டு. 'ப்ரிகஸால் தோல்கோ ஷீத்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், 'நெடுநாள் வாழும்படி கட்டளையிட்டார்' என்றாகும். உயிர் பிரியும் வேளையில் படுக்கையைச் சூழ்ந்து நிற்போரை நோக்கி, 'நான் போகிறேன். நீங்கள் நெடிது வாழுங்கள்' என்று வாழ்த்திச் செல்லும் மரபிலிருந்து பிறந்த தொடர் இது. நாளடைவில் வாழ்த்து மறைந்து, இறப்பு ஒன்றே பொருளாக எஞ்சியது. இக்காலத்தில் ஓடாமல் நின்றுபோன கடிகாரத்தைப் பற்றியும் இவ்வாறு வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொற்களை அப்படியே வைத்தால் எவர் எவருக்குக் கட்டளையிட்டார் என்று வாசகர் திகைப்பார். 'காலஞ்சென்றார்' என்று பொதுப்பட எழுதினால் செய்தி போய்ச் சேரும். ஆனால் இறப்பவர் இருப்பவரை வாழச் சொல்லிவிட்டுச் செல்லும் அந்தப் பண்பு போய்ச் சேராது. 'மவுத்தானார்' என்னும் சொல்லுக்கும் 'வஃபாத்தானார்' என்னும் சொல்லுக்கும் இடையிலுள்ள மரியாதை வேறுபாட்டை அன்றாடம் உணரும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வழக்குகளையெல்லாம் திரட்டி வைத்தவர் விளாதிமிர் தால். 1801இல் பிறந்தவர், தந்தை டென்மார்க்கு நாட்டவர். கடற்படையில் பணியாற்றி, பின் மருத்துவம் பயின்று, அரசு அலுவலராகவும் இருந்தவர். 1833 முதல் 1841 வரை ஓரன்பர்க்கில் பணிபுரிந்தார். அந்நகரம் ருஷ்யப் பேரரசின் எல்லைக் கோட்டை. அதற்கப்பால் கசாக்கியரின் புல்வெளி. சுற்றிலும் பாஷ்கீரியரும் தாத்தாரியரும். முஸ்லிம் மக்களோடு நெருங்கிப் பழகிய தால், அவர்கள் வாழ்வைப் பின்னணியாக வைத்துக் கதையும் எழுதினார். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ருஷ்யப் பழமொழிகளைத் தொகுத்த அவர், அவற்றை அகரவரிசையில் அடுக்கவில்லை, பொருள்வாரியாகப் பகுத்தார். வாழ்வும் சாவும் சேர்ந்து ஒரே தலைப்பாயின. 1853இல் முடிந்த இத்தொகுப்பு, தணிக்கையாளரும் கல்விக் கழகத்தாரும் இட்ட தடைகளால் 1862 வாக்கில்தான் முழுமையாக அச்சேறியது. குடியானவர் வாய்ச்சொல்லுக்கு அத்தனை அச்சம்!

இனி ஆங்கிலேயரைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ரால்ஸ்டன் என்பார் 1869இல் கிரிலோவின் நீதிக்கதைகளையும், 1873இல் ருஷ்ய நாட்டுப்புறக் கதைகளையும் ஆங்கிலத்தில் தந்தார். அக்கதைகள் 'ஷீலி பீலி' என்று தொடங்கும். 'வாழ்ந்தார்கள், இருந்தார்கள்' என்பது சொற்பொருள். வாழ்வும் இருப்பும் இணைமொழியாக ஒலிக்கும் இத்தொடக்கம், ஆங்கிலத்தில் 'ஒரு காலத்தில்' என்னும் வாய்பாட்டுக்குள் அடங்கிவிடும். முடிவு இன்னும் கடினம். வாழ்ந்து வாழ்ந்து 'தப்ரோ' சேர்த்தார்கள் என்று கதை முடியும். 'தப்ரோ' என்றால் நன்மை. பொருள் பண்டங்களுக்கும் அதுவே பெயர். ஆங்கிலக் கதைமரபோ 'மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள்' என்றுதான் முடியும். தானியக் குதிர் நிறைவதையும் நன்மை என்றே அழைத்த ஏழைக் குடியானவனின் மனம் அங்கே காணாமற்போகிறது.

ரால்ஸ்டனுக்குப் பின் வந்தவர்களுள் தலையாயவர் கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையார் (1861–1946). லண்டனில் அடைக்கலம் புகுந்த ருஷ்யப் புரட்சியாளர் ஒருவரின் தூண்டுதலால், தாய்மை எய்தியிருந்த நாட்களில் அம்மொழியைக் கற்கத் தொடங்கியவர். ஏறத்தாழ எழுபது தொகுதிகளைப் பெயர்த்தார். பார்வை மங்கிய பின்னர், ஒருவர் ருஷ்ய மூலத்தை உரக்கப் படிக்க, இவர் ஆங்கிலத்தைச் சொல்லி எழுதுவித்தார். டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்னும் குறை அவர்மீது உண்டு. நபோகோவ் அவரைக் கடுமையாகவே சாடினார். அந்த நபோகோவ் 1964இல் புஷ்கினின் காவியமொன்றைச் சொல் பிசகாமல் பெயர்த்து, உரையோடு நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். கற்றோர் அதைப் போற்றினர். கவிதை எங்கே என்று கேட்டவர்களும் இருந்தனர். கார்னெட் இல்லையேல் ஆங்கிலம் படித்த உலகின் பெரும்பகுதிக்கு ருஷ்ய இலக்கியமே இல்லை என்பது என் எண்ணம்; குறைகளை அதன் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

குறை எங்கே நேர்கிறது என்பதற்கு ஒரு பழமொழி போதும். 'ஓநாய்களோடு வாழ்ந்தால் ஓநாய்போல் ஊளையிட வேண்டும்' என்பது ருஷ்யச் சொல். ஆங்கில அகராதிகள் இதற்கு நிகராக, 'ரோமில் இருக்கையில் ரோமரைப்போல் நட' என்பதைக் காட்டும். ரோமாபுரிப் பழமொழி நாகரிகமான அறிவுரை, விருந்தாளிக்குச் சொல்வது. ருஷ்யச் சொல்லோ சிக்கிக்கொண்டவனின் புலம்பல். ஊளையிடுவது அவன் விருப்பமன்று. 'பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு' என்னும் தமிழ்ப் பழமொழி இரண்டுக்கும் இடையே நிற்கிறது. அருவருப்பும் உண்டு, சாமர்த்தியமும் உண்டு. பாத்திரத்தின் வாயிலிருந்து புலம்பலை எடுத்துவிட்டு அறிவுரையை வைத்தால், அப்பாத்திரமே வேறு மனிதனாகிவிடுகிறான்.

'பஷிவ்யோம், உவீதிம்' என்பது மற்றொன்று. 'கொஞ்சம் வாழ்வோம், பார்ப்போம்' என்று பொருள். ஆங்கிலேயர் 'காத்திருந்து பார்ப்போம்' என்பர். வாழ்வது காத்திருப்பாகச் சுருங்கியது. 'ஒரு யுகம் வாழ், ஒரு யுகம் கற்றுக்கொள்' என்பதற்கு ஆங்கிலம் தரும் 'லிவ் அண்ட் லேர்ன்', பெரும்பாலும் ஏமாந்தபின் சொல்லும் ஆறுதல் மொழி. ருஷ்யச் சொல் ஒரு கட்டளை. நம்மிடையே வழங்கும் 'தொட்டில் முதல் மண்ணறை வரை' என்பதற்கு அண்மையது. ஆனால் ருஷ்யர் அதற்கு ஒரு வாலும் வைத்திருக்கிறார்கள்: 'ஆயினும் முட்டாளாகவே சாவாய்.'

'வாழ்வை வாழ்ந்து முடிப்பது ஒரு வயலைக் கடப்பதன்று' என்னும் பழமொழியைப் பாஸ்டர்நாக் தம் ஷிவாகோ நாவலில் சேர்த்த ஹாம்லெட் கவிதைக்கு முத்தாய்ப்பாக வைத்தார். 1957இல் மிலான் நகரில் வெளிவந்த அந்நாவல், மறு ஆண்டே ஆங்கிலமாயிற்று. அக்கவிதையைப் பெயர்த்தோருள் சிலர் வயலை அப்படியே வைத்தனர். சிலர் 'சிறுபிள்ளை விளையாட்டன்று' என்னும் பாங்கில் மாற்றினர். வயல் போனதும், கவிஞன் குடியானவனின் வாய்மொழியில் வந்து தஞ்சம் புகுந்தான் என்பதும் போயிற்று. 'ஷிவாகோ' என்னும் பெயரே பழைய திருச்சபை மொழியில் 'உயிருள்ளவனின்' என்று பொருள்படும் சொல்வடிவம். உயிருள்ள இறைவன் என்னும் தொடரில் வருவது. 'அல்ஹய்யு' என்று ஓதிப் பழகியோருக்கு அதன் தொனி எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் அது வெறும் பெயர்.

சில வேளைகளில் ஒரு சிற்றிடைச்சொல்லே பெருஞ்சுமையாகிவிடும். 1881இல் டால்ஸ்டாய் எழுதிய கதையின் தலைப்பு, 'எதனால் மாந்தர் உயிரோடிருக்கின்றனர்' என்பது. லூயிஸ், எய்ல்மர் மாட் தம்பதியரின் ஆங்கிலத்தில் 'வாட் மென் லிவ் பை' என்றாயிற்று. லூயிஸ் மாஸ்கோவிலேயே பிறந்த ஆங்கிலப் பெண்மணி; கணவரோ பதினாறு வயதில் அங்குச் சென்றவர்; இருவரையும் டால்ஸ்டாய் நன்கறிவார். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பை' என்னும் சொல் பிழைப்பையும் குறிக்கும், நெறியையும் குறிக்கும். 1974 பிப்ரவரியில், நாடு கடத்தப்படும் தறுவாயில் சோல்ஷெனித்சின் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பும் அதே 'பை'யோடு ஆங்கிலம் புகுந்தது: 'லிவ் நாட் பை லைஸ்'. மூலத்தில் இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். முன்னது 'எதனால்', பின்னதில் வரும் 'போ' என்பது 'படி'. ஷரீஅத்தின்படி வாழ்தல் என்பதற்கும் ருஷ்யர் இதே 'போ'வைத்தான் ஆள்வர். 'பொய்யின்படி வாழாதிருத்தல்' என்று தமிழ் தடுமாற்றமின்றிச் சொல்லிவிடுகிறது.

டால்ஸ்டாயே மொழிபெயர்ப்பாளராக நின்ற இடமும் உண்டு. அவர் மறைவுக்குப் பின் 1912இல் வெளிவந்த 'ஹாஜி முராத்' நாவலின் தொடக்கத்தில், மலைக்கிராமத்து வீடொன்றில் நுழையும் விருந்தினரை இல்லத்தரசி நல்வரவு கூறி ஏற்கிறாள். அவரோ அவளுடைய ஆண்மக்கள் உயிரோடிருக்க வேண்டுமென்று வாழ்த்துகிறார். காகசஸ் முஸ்லிம்களின் வாழ்த்துமுறையை டால்ஸ்டாய் ருஷ்யத்துக்கு இசைய மெருகிடாமல், அயல்மணம் மாறாமல் வைத்தார். எய்ல்மர் மாட் ஆங்கிலத்திலும் அதைக் காத்தார். போர் சூழ்ந்த மலையில் ஒரு தாய்க்கு இதைவிட வேறென்ன வாழ்த்து வேண்டும்?

முஸ்லிம் உலகிலிருந்து ருஷ்யம் பெற்ற சொற்களும் பல. நம்மிடையே ஜனாஸாவைச் சுமக்கும் 'சந்தூக்', அரபு மூலத்திலிருந்து துருக்கிய மொழிகளின் வழியே ருஷ்யரிடம் சென்று 'சுந்தூக்' ஆகி, வீட்டுத் துணிமணிகளை வைக்கும் பெட்டியாயிற்று. 'கைஃப்' என்னும் அரபுச் சொல் அங்கே சுகவாழ்வின் பெயர்.

ஆங்கிலம் முற்றிலும் கைவிரித்த சொல் ஒன்று உண்டு: 'பீத்'. நாளும் மாறாமல் கனத்துக் கிடக்கும் அன்றாட வாழ்வைக் குறிப்பது. 1930 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்ட கவிஞர் மாயாகோவ்ஸ்கியின் இறுதிக் குறிப்பில் இச்சொல் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில், மேலை ஐரோப்பிய மொழிகளில் இதற்கு ஈடில்லை என்றார் மொழியறிஞர் யாக்கப்சன். 'அன்றாட வாழ்வு', 'சலிப்பூட்டும் உழைப்பு', 'சம்பிரதாயம்' என்று பெயர்த்தோர் ஆளுக்கொன்றாக எழுதினர். ஒரு மனிதனின் கடைசிக் கடிதத்தில் காரணமாக நிற்கும் சொல்லுக்கே இந்நிலை.

தமிழர் ருஷ்ய நூல்களை நெடுங்காலம் ஆங்கிலத்தின் வழியாகவே பெற்றனர்; பின்னர் மாஸ்கோ பதிப்பகங்கள் நேரே தமிழிலும் அச்சிட்டு அனுப்பின. ஆங்கில வழி வந்தவற்றுள் ஒன்று டி. எஸ். சொக்கலிங்கம் பெயர்த்த டால்ஸ்டாயின் பெருநாவல். மூலத் தலைப்பில் உள்ள 'மீர்' என்னும் சொல்லுக்கு அமைதி என்பது பொருள். அதே ஒலியுடைய வேறொரு சொல் உலகத்தைக் குறிக்கும். பழைய எழுத்துமுறையில் இரண்டுக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. ஆங்கிலம் அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டது. சொக்கலிங்கம் வைத்த தலைப்பு 'போரும் வாழ்வும்'.